கிளிக்கும் கல்யாண முருங்கைக்கும் ஆறு வித்தியாசம்

கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு அதே கண்ணாடியை வீடெல்லாம் தேடுகிற வயதுக்கு வந்து சேர்ந்துவிட்ட என் சோட்டு ஆட்களே, போன வாரம் நம் பள்ளிக்கூடக் குழுவில் ஒருவன் போட்ட படம் நினைவிருக்கிறதா? இலையே இல்லாத ஒரு கிளை. நுனியில் சிவப்பாக, வளைந்து, மூக்கு மாதிரி ஏதோ ஒன்று. கீழே, "கிளியா பூவா, சொல்லுங்கடா பாப்போம்" என்று கேள்வி. ஆளாளுக்குப் பதில் போட்டீர்கள். பாதிப் பேர் கிளி, பாதிப் பேர் பூ, ஒருவன் மட்டும் வழக்கம்போலக் காலை வணக்கம். எல்லாவற்றுக்கும் முதல் ஆளாக வந்து உளறுகிற நான் அன்று வாயே திறக்கவில்லை. ஏன் என்று நீங்கள் யோசித்திருக்க மாட்டீர்கள், நிம்மதியாக இருந்திருப்பீர்கள்.

ஆனாலும் சொல்லிவிடுகிறேன். அந்தப் படத்தைப் பார்த்ததும் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். பதினோரு வயதில் நான் செய்த ஒரு காரியம் கண்முன் வந்து நின்றது.

அந்த வருஷம் பள்ளிக்கூடம் திறந்த முதல் வாரத்திலேயே நம் அறிவியல் வாத்தியார் கொடுத்த வேலை உங்களுக்கு மறந்திருக்கும். ஆளுக்கு ஒரு பறவை, ஒரு மரம். தினமும் பார்க்க வேண்டும். கோடு போட்ட நோட்டில் நடுவில் ஒரு கோடு கிழித்து, இரண்டுக்கும் ஆறு ஒற்றுமை, ஆறு வேற்றுமை எழுத வேண்டும். பறவைக்கும் மரத்துக்கும் என்ன சார் ஒற்றுமை என்று நீங்கள் எல்லோரும் தலையைச் சொறிந்தீர்கள். காக்காய், வேப்பமரம் என்று எழுதி, இரண்டும் கசக்கும் என்று ஒருவன் முடித்தான். காக்காயைத் தின்று பார்த்தாயா என்று அவனுக்கு விழுந்த அடி இன்னும் என் காதில் கேட்கிறது. எனக்குத்தான் அந்த வேலை லேசாக வாய்த்தது. கிளி, மரம் இரண்டும் எங்கள் வீட்டிலேயே இருந்தன. இரண்டும் ஒரே ஜீப்பில் வந்து இறங்கியவை.

அத்தையின் கல்யாணத்துக்காக வந்தவை அவை. அத்தை என்றால் அப்பாவின் கடைசித் தங்கை. பெற்றவர்கள் போன பிறகு எங்கள் வீட்டிலேயே வளர்ந்தவள். பத்தொன்பது வயது. மாப்பிள்ளைக்குப் போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் ஏலத்தோட்டத்தில் சூப்பர்வைசர் வேலை. வைகாசிக் கடைசியில் முகூர்த்தம். அதற்கு மூன்று நாள் முன்னால் மலையிலிருந்து ஜீப்பு வந்தது. ஓட்டி வந்தவர், தினமும் விடியலில் தோட்டத்து ஆட்களை ஏற்றிக்கொண்டு மேலே போகிற ஜீப்புக்கார அண்ணன். பின்பக்கக் கதவைத் திறந்ததும் பச்சை ஏலக்காய் வாசனையும் ஈர மண் வாசனையும் தெருவில் கொட்டின. உள்ளே ஒரு கம்பு, ஒரு கூண்டு.

கம்பு, கல்யாண முருங்கை. சாம்பாரில் போடுகிற முருங்கை இல்லை. மலையில் மிளகுக்கொடி ஏற்றுவதற்காக வரிசையாக நட்டு வைத்திருப்பார்களே, உடம்பெல்லாம் முள்ளாக, அது. எங்கள் வகையறாவில் பந்தக்கால் மாப்பிள்ளை வீட்டு நிலத்திலிருந்துதான் வரவேண்டும். முள்ளைச் சீவி, மஞ்சள் பூசி, மஞ்சள் துணி கட்டிப் பெண் வீட்டில் நடுவார்கள். தாலி கட்டியதும் பெண் கிளம்பிவிட மாட்டாள். கம்பு வேர் பிடித்துத் துளிர்விட வேண்டும். அதுவரை பெண் பிறந்த வீட்டில்தான். துளிர்த்த பிறகு கம்பை மண்ணோடு தோண்டி எடுத்து, பெண்ணையும் கம்பையும் ஒன்றாகக் கூட்டிக்கொண்டு போய் அங்கே நடுவார்கள். கம்பு காய்ந்துபோனால் பெண்ணின் வாழ்க்கையும் அப்படித்தான் என்று ஒரு பேச்சு. அப்படிக் காய்ந்ததை யாரும் பார்த்ததில்லை. முருங்கை அந்த மாதிரி மரம். விறகுக்கு வெட்டிப் போட்டாலும் நாலு தூறல் விழுந்தால் துளிர்த்துக்கொண்டு கிடக்கும். இருபது நாள், மிஞ்சினால் ஒரு மாதம்.

கூண்டில் இருந்தது கிளி. நம் ஊர்த் தென்னந்தோப்புகளில் கத்துகிற கழுத்தில் வளையம் போட்ட கிளி இல்லை. அதைவிடச் சின்னது. பச்சை உடம்பு, நீளமான வால், தலை மட்டும் மழைமேகம் மாதிரி சாம்பல். குரங்கணிப் பக்கத்துக் காட்டில் பட்டமரப் பொந்திலிருந்து புது மாமா எடுத்து இரண்டு வருஷம் வளர்த்ததாம். கட்டிக்கொள்ளப் போகிறவளுக்குப் பரிசு. தலையில் சிவப்பு இல்லாததால் பெட்டை என்று எல்லோரும் சேர்ந்து தீர்ப்பு சொல்லி, ராணி என்று பெயரும் வைத்தார்கள். இன்றைக்கு அப்படிக் கிளி வளர்த்தால் வனத்துறை வந்து நம்மைக் கூண்டில் போடும். அப்போது அது சீர்வரிசை.

அத்தையைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும். அவள் டைப்ரைட்டிங் படித்துக்கொண்டிருந்தாள். கடைத்தெருவில் ஏலக்காய் மண்டிக்கு மேலே மாடியில் இன்ஸ்டிடியூட். கீழே பெண்கள் வட்டமாக உட்கார்ந்து முறத்தில் காய் பொறுக்குகிற சரசரப்பு, மேலே இருபது மிஷின்கள் ஒன்றாகத் தட்டுகிற சத்தம், நடுவில் மரப்படியில் ஏலக்காய் வாசனை. அத்தையைக் கூட்டிவரப் போய் அந்தப் படியில் உட்கார்ந்திருப்பேன். தூக்கம் தூக்கமாக வரும். வரி முடியும் இடத்தில் ஒவ்வொரு மிஷினிலும் ஒரு மணி அடிக்கும். டிங். இன்னொரு மூலையில், டிங். கண்ணை மூடிக்கொண்டால் மலையில் எங்கேயோ மணி கட்டிய மாடுகள் மேய்வது போல இருக்கும்.

ஆவணியில் அவளுக்கு லோயர் பரீட்சை. கல்யாணம் நிச்சயமானதும் ஒரே ஒரு முறை அப்பாவிடம் கேட்டாள். நானும் அங்கேதான் இருந்தேன்.

"அண்ணே, பரீட்சைய மட்டும் எழுதிட்டுப் போறேனே."

"மொதல்ல கல்யாணம் முடியட்டும் ஆத்தா. பரீட்சை எங்க போகுது?" என்றார் அப்பா. அவர் கெட்டவர் இல்லை. ஏலக்காய் மண்டியில் எடை போடுகிற வேலையில் இருந்தவர். எது கனம், எது கனமில்லை என்று தனக்கு உடனே தெரிந்துவிடும் என்று நம்பினார்.

அத்தை அதற்குமேல் கேட்கவில்லை. ஆனால் விரல்கள் கேட்டுக்கொண்டே இருந்தன. சோறு வேகும்போது அடுப்படிச் சுவரில், பேசும்போது முழங்காலில், படுத்திருக்கும்போது தலையணையில், பத்து விரலும் மிஷின் இல்லாமலே தட்டிக்கொண்டிருக்கும். கூண்டின் தகரத் தட்டில் அவள் தட்டும்போது கிளி தலையைச் சாய்த்துக் கேட்கும். கொஞ்ச நாளில், அவள் நிறுத்தியதும், "டிங்" என்றது. வீடே அதிர்ந்துவிட்டது. "ஏலேய், கிளி டைப்படிக்குதுடா" என்று தெருவுக்கு ஓடிச் சொன்னவன் நான்தான். எதையும் தெருவுக்குச் சொல்வதுதான் அந்த வயதில் என் உத்தியோகம். அந்த இனக் கிளி காட்டிலும் அப்படித்தான் கூப்பிடும் என்பது எனக்கு நாற்பது வயதில்தான் தெரிந்தது.

கல்யாணம் முடிந்தது. கம்பை நட்டிருந்தது பின்கட்டில், குழாயடிக்குப் பக்கத்தில். தண்ணீர் ஊற்றுகிற பொறுப்பு எனக்கு. சாயந்திரம் கூண்டைத் திறந்து கிளியைக் கம்பின் உச்சியில் உட்கார வைப்பேன். மேற்கே மலை நீலமாக இருக்கும். கணவாய் வழியாகக் காற்று வரும். காற்றோடு, யாரோ ஒரு பெரிய டப்பாவைத் திறந்தது போல, குளிர்ச்சியும் காய் வாசனையும் வரும். பச்சைக் கம்பில் பச்சைக் கிளி. நான் நோட்டை மடியில் வைத்து ஒற்றுமை எழுதுவேன். இரண்டும் பச்சை. இரண்டும் மலைச்சாதி. இரண்டுக்கும் போடி வெயில் பிடிக்காது. இதன் பூ அதன் மூக்கு மாதிரி இருக்கும். எழுதிக்கொண்டே அப்படியே கண் சொக்கிவிடும்.

இப்படி நான் சொக்கியிருந்த நேரங்களில் கிளி என்ன செய்தது என்பதைப் பதினெட்டாம் நாள்தான் பார்த்தேன். கம்பின் கணுவில், வெல்வெட் துணியை மடித்து வைத்தது போலச் சின்னதாக ஒரு மொட்டு. "துளிர்" என்று கத்த வாயைத் திறந்தேன். கிளி குனிந்து அதைக் கிள்ளி, ஒரு காலில் பிடித்துக்கொண்டு, வெற்றிலை போடுகிற மாதிரி நிதானமாக மென்றது. பக்கத்தில் போய்ப் பார்த்தால் கம்பு முழுக்க அந்த மாதிரிக் காயங்கள். தும்பு தும்பாக. இதுவரை வந்த அத்தனை துளிரையும் தின்று தீர்த்திருந்தது.

கணக்கு எனக்குத் தெளிவாக இருந்தது. கிளியைக் கம்பில் உட்கார வைத்தவன் நான். துளிர் இல்லாவிட்டால் கம்பு காயும். கம்பு காய்ந்தால் அத்தையின் வாழ்க்கை காயும். ஆகையால் அத்தையின் வாழ்க்கையைக் கெடுத்தவன், ஏழாம் வகுப்பு பி பிரிவு, வருகைப்பதிவேட்டில் இருபத்து மூன்றாம் ஆள்.

யாரிடமும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் ஜீப்புக்கார அண்ணன் வாசலில் நின்று, "என்ன மாப்ளே, கம்பு துளுத்துருச்சான்னு மலையில கேக்காக" என்பார்.

"துளுத்துக்கிட்டே இருக்குண்ணே."

"அதென்னடா இருக்கு? துளுத்துச்சா, இல்லையா?"

"பாதி துளுத்துருக்கு."

அவர் மேலே போய் அப்படியே சொல்லியிருக்கிறார். ஆனி மாதம் முடியப் போகிறது, ஆடியில் புதுப்பெண்ணைக் கூட்டிக்கொள்ள மாட்டார்கள், அதற்குள் கையோடு கூட்டிப் போய்விடலாம் என்று அத்தையின் மாமியாரே கிளம்பி வருவதாகச் செய்தி வந்தது. வெள்ளிக்கிழமை வருகிறார். வியாழக்கிழமை கம்பு மொட்டையாக நிற்கிறது.

நான் செய்த காரியத்தை நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது. ராசிங்காபுரம் சாலையில் ஒரு வேலியோரம் கல்யாண முருங்கை நிற்கும். வெள்ளிக்கிழமை காலை அங்கே ஓடி, மூன்று மூன்றாக இலை விட்டிருந்த இளங்கொத்து நாலைப் பறித்து வந்து, அம்மாவின் தையல் டப்பாவிலிருந்து பச்சை நூல் எடுத்து, கணுவுக்குக் கணு கட்டினேன். தூரத்திலிருந்து பார்க்க அழகாகத்தான் இருந்தது. பக்கத்திலிருந்து பார்த்தால் கம்புக்குக் கை உடைந்து கட்டுப் போட்டது போல இருந்தது.

மாமியார் வந்தார். உயரமான மனுஷி. தோட்டத்தில் ஆட்களோடு ஆளாகக் காய் எடுக்கிறவர். விரல் நகமெல்லாம் கறை. பேச்சில் நடுநடுவே மலையாளம் எட்டிப் பார்க்கும். காப்பி குடித்துவிட்டு, "எவ்விட ஆத்தா கம்பு?" என்று பின்கட்டுக்கு நடந்தார். அம்மா, அப்பா, அத்தை, நான், பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் எல்லோரும் பின்னால். ஐந்தடி தூரத்தில் நின்று பார்த்தார். முகம் மலர்ந்தது. எனக்கு உயிர் வந்தது.

அந்த உயிர் எண்ணி மூன்று நொடிதான் தங்கியது. கூண்டைச் சாத்த மறந்திருந்தேன். கிளி பறந்து வந்து கம்பில் உட்கார்ந்தது. ஒரு கொத்தைக் கிள்ளியது. நூல் அறுந்து கொத்து கீழே விழுந்தது. அடுத்த கொத்து. அதுவும் நூலோடு வந்தது. நாலாவது கொத்தை அலகில் வைத்துக்கொண்டு எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தது. பச்சை நூல் மீசை மாதிரித் தொங்கியது.

"டிங்" என்றது.

நான் அழுதேன். அழுதேன் என்றால், தரையில் உட்கார்ந்து, குற்றங்கள் அனைத்தையும் வரிசை எண் போட்டு ஒப்புக்கொண்டு அழுதேன். கேட்காத குற்றங்களையும் சொல்லிவிட்டேன். பரணில் இருந்த வெல்லம் குறைந்தது எப்படி என்று அம்மாவுக்கு அன்றுதான் தெரியும். "அத்தைய வேணாம்னு சொல்லிராதீங்க" என்று மாமியாரின் காலைப் பிடித்துக்கொண்டேன்.

"யாருடா வேணாம்னு சொன்னா? எந்திரி. மூக்கத் தொடை" என்றார் அவர். பிறகு கம்பை நகத்தால் கீறிப் பார்த்தார். உள்ளே பச்சையாக இருந்தது. "உசுரு கெடக்கு. கிளிய இனிமே பூட்டி வைங்க. கம்பு துளுக்காமப் பொண்ணக் கூட்டிக்கிட்டுப் போறது நமக்கு வழக்கமில்ல. ஆடி கழியட்டும். பையப் பாத்துக்கிடலாம்."

அப்பா தலைகுனிந்துகொண்டார். அம்மா என்னை முறைத்தாள். நான் அத்தையைப் பார்த்தேன். அவள் பார்வை தரையில் இருந்தது; மருமகளுக்கு ஏற்ற அடக்கம். ஆனால் சேலை மடிப்புக்குள் பத்து விரலும் ஓடிக்கொண்டிருந்தன. பயத்தில் நடுங்குகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். பாவம், என்னால்தான் என்று இன்னும் கொஞ்சம் அழுதேன்.

அந்த ஆடி மாதத்தைப் போல இன்னொரு மாதம் எனக்கு வாய்க்கவில்லை. நம் ஊரில் ஆடிக்காற்று எப்படி அடிக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மலைமேல் மேகம் கறுத்துக் கிடக்கும். ஊருக்குள் மழை இல்லை, முகத்தில் பன்னீர் தெளித்தது போலச் சாரல் மட்டும். அத்தை தினமும் இரண்டு வேளை இன்ஸ்டிடியூட் போனாள். வருகிறபோது விரல் நுனியில் ரிப்பன் மை இருக்கும். அந்தக் கையால் எனக்கு மாவடு எடுத்துக் கொடுப்பாள். மாவடுவில் நீலரேகை பதியும். ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் நான் என் அறிவியல் புத்தகத்தைச் சத்தமாக வாசிக்க வேண்டும். அவள் பலகையைக் கவிழ்த்து வைத்து அதில் அதைத் தட்டுவாள். தமிழ் வாசகம் ஆங்கில விரலில் எப்படி விழும் என்று நான் கேட்கவில்லை. வரி முடிந்ததாக அவள் நினைக்கும்போது நிறுத்துவாள். கூண்டிலிருந்து, டிங். பாட்டும் இல்லை, பேச்சும் இல்லை, ஆனால் வீட்டில் எந்நேரமும் ஏதோ ஒரு கச்சேரி நடந்துகொண்டிருந்தது போல ஞாபகம்.

அம்மாவும் பக்கத்து வீட்டுப் பெண்களும், "புருசன் வீட்டுக்குப் போக முடியலையேன்னு மனசுக்குள்ள புழுங்குறா, அதான் மாடி மாடியா ஏறிப் பொழுதப் போக்குறா" என்று பேசிக்கொண்டார்கள். நானும் அதை நம்பினேன். அதனால் காவலை இறுக்கினேன்.

கிளி கூண்டில். கம்பைச் சுற்றி நான் நட்ட முள்வேலி. ஆடி பதினெட்டுக்கு மறுநாள் காலை ஒரு மொட்டைப் பார்த்தேன். யாரிடமும் சொல்லாமல் பள்ளிக்கூடம் போய்விட்டு மாலை வந்து பார்த்தால், காணோம். கூண்டு சாத்தியே இருந்தது. கிளி உள்ளேதான் இருந்தது. நாலு நாள் கழித்து இன்னொரு மொட்டு. அதுவும் காணோம். கிளிக்குக் கூண்டைத் திறக்கவும், தின்றுவிட்டு உள்ளே போய்ச் சாத்திக்கொள்ளவும் தெரிந்துவிட்டது! இவ்வளவு அறிவுள்ள கிளி நாளை என்னையும் ஏதாவது செய்துவிடும் என்று, அதன் கண்ணைப் பார்த்துப் பேசுவதையே நிறுத்தினேன். கூண்டுக் கதவைக் கம்பியால் முறுக்கிக் கட்டினேன்.

வாத்தியாரின் நோட்டில் அன்று எழுதினேன்: "கிளி முதலில் துளிரைத் தும்பு தும்பாகக் கடித்தது. இப்போது பழகிவிட்டபடியால் நறுக்கென்று, நகத்தால் கிள்ளியது போல, சுத்தமாக எடுக்கிறது. கிளி கற்றுக்கொள்ளும். மரம் கற்றுக்கொள்ளாது. இது ஐந்தாவது வேற்றுமை." வாத்தியார் அந்த வரிக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தார். கையெழுத்தைத்தான் கேட்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

இதற்கிடையில் கிளி இன்னொரு முறை என்னைக் கொன்றது. ஒரு காலை அதன் தலையில் இரத்தம். சாம்பல் தலையில் அங்கங்கே சிவப்பு. கம்பி குத்திவிட்டது, கொலையும் என் கணக்கில் ஏறிவிட்டது என்று கூண்டைத் தூக்கிக்கொண்டு ஜீப்பு நிறுத்தத்துக்கு ஓடினேன். ஜீப்புக்கார அண்ணன் கிளியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"லேய், ரத்தமும் இல்ல, மண்ணும் இல்ல. இது ஆம்பளக் கிளிடா. மூணாம் வருசந்தான் தலை செவக்கும். ராணியாம்ல, ராணி!"

அன்று முழுவதும் அதன் தலையில் ஒவ்வொரு இறகாக நிறம் ஏறுவது போலவே இருந்தது. ரோஜாவும் நாவல்பழமும் கலந்த ஒரு சிவப்பு. இத்தனை நாள் அதை எங்கே வைத்திருந்தது? முருங்கையும் அப்படித்தானாம். வருஷம் முழுக்கச் சும்மா நிற்கும். மாசியில் இலையெல்லாம் உதிர்ந்து, செத்துவிட்டது என்று நினைக்கிற நேரத்தில் மரம் முழுக்கச் சிவக்கும். ஆறாவது ஒற்றுமையாக இதை எழுதினேன்: "இரண்டும் சிவப்பை உள்ளே வைத்துக்கொண்டு வெளியே சொல்லாமல் இருக்கும்." ஆறு ஒற்றுமையும் முடிந்தது. வேற்றுமை ஐந்தோடு நின்றது.

ஆவணி பிறந்தது. அத்தையின் பரீட்சைக்கு இன்னும் ஒன்பது நாள். எனக்கு அதெல்லாம் கணக்கில் இல்லை. என் கணக்கு கம்பு ஒன்றுதான். அக்குளில் வெங்காயம் வைத்துக் காய்ச்சல் வரவழைத்தேன். வந்தது வெங்காய நாற்றம்தான், ஆனாலும் அம்மா நம்பினாள். மூன்று நாள் பள்ளிக்கூடம் போகாமல், போர்வையைப் போர்த்திக்கொண்டு கம்புக்குப் பக்கத்திலேயே கிடந்தேன். அத்தை வந்து வந்து பார்த்தாள்.

"உள்ள போய்ப் படுடா. காத்து அடிக்குது."

"இல்லத்த, இங்கதான் நல்லாருக்கு."

"செத்த நேரம் நான் பாத்துக்கிறேன். நீ போய்க் கஞ்சி குடி."

"கஞ்சிய இங்க கொண்டா."

அவள் கொஞ்ச நேரம் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். கம்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் வலது கை விரல்கள் என் நெற்றியில் இருந்தன; சூடு பார்க்கிறாள் என்று நினைத்தேன். தட்டவில்லை, சும்மா கிடந்தன.

மூன்றாம் நாள் மதியம் மொட்டு விரிந்தது. மூன்று இலை. பளபளவென்று, மடிப்புக் கலையாமல், அப்போதுதான் பிறந்த கன்றின் காது போல. அத்தை குழாயடியில் நின்றாள். என்னைப் பார்த்துத் தலையை மெல்ல அசைத்தாள். உதட்டில் விரலை வைத்தாள் என்று இன்றைக்குத் தோன்றுகிறது. சத்தியம் செய்ய மாட்டேன். எனக்கு எதுவும் தெரியவில்லை. "துளுத்துருச்சு!" என்று கத்திக்கொண்டு தெருவுக்கு ஓடினேன். போர்வை ஒரு பக்கம், வெங்காயம் ஒரு பக்கம். பக்கத்து வீடு, எதிர் வீடு, மண்டியில் அப்பா, கடைசியாக ஜீப்பு நிறுத்தம். "அண்ணே! முழுசா துளுத்துருச்சு!"

"அப்படிப் போடு" என்று அவர் கியரைத் தட்டினார். செய்தி அன்று சாயந்திரமே மலையேறிவிட்டது.

மறுநாளே வந்து கூட்டிக்கொண்டு போனார்கள். "இன்னும் அஞ்சே நாள்" என்று அத்தை ஆரம்பித்தாள். "நல்ல நாள் தவறிப்போகும் ஆத்தா. பரீட்சை அடுத்த தடவையும் வைப்பாங்கள்ல?" என்றார் அப்பா. அடுத்த தடவை வைத்தார்கள். அதற்கடுத்த தடவையும் வைத்தார்கள். அத்தை அப்போதெல்லாம் மலையில் இருந்தாள், வயிற்றில் ஒன்று, இடுப்பில் ஒன்றாக.

ஜீப்பில் முன்னால் மாமியார், பின்னால் கோணிச்சாக்கில் வேர் கட்டிய கம்பு, கூண்டு, அத்தை. அவள் கிளம்பும்போது என் கையில் ஒரு வட்டமான தகர டப்பாவை வைத்தாள். டைப்ரைட்டர் ரிப்பன் வருகிற டப்பா. உள்ளே ஒன்றுமில்லை. திறந்தால் மை வாசனை மட்டும். பல வருஷம் அதில் கோலிக்குண்டு போட்டு வைத்திருந்தேன். வீடு மாறியபோது எங்கேயோ போயிற்று. எல்லோரும் என் முதுகில் தட்டி, "இவன் மட்டும் காவக் காக்கலைன்னா கம்பு பொழச்சிருக்குமா?" என்றார்கள். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன். அந்த நெஞ்சில் இப்போது நானே ஒரு குத்து விடலாம் போலிருக்கிறது.

நகத்தால் கிள்ளியது போல. நானே எழுதியிருக்கிறேன் பாருங்கள், நோட்டில், தேதி போட்டு. அதைப் படித்துப் புரிந்துகொள்ள எனக்கு எத்தனை வருஷம் ஆயிற்று என்று சொன்னால் குழுவிலிருந்தே தூக்கிவிடுவீர்கள்.

இந்த மாசியில் மலைக்குப் போயிருந்தேன். மாமா இல்லை, மாமியார் எப்போதோ போய்விட்டார். அத்தைக்கு இரண்டு முழங்காலும் வலி, நாக்கு மட்டும் நல்ல ஆரோக்கியம். வீட்டு முன்னால் அந்தக் கம்பு கூரையைத் தாண்டி நிற்கிறது. ஓர் இலை இல்லை. மரம் முழுக்கச் சிவப்பு. பனி ஏறி வந்து மரத்தை விழுங்கும், கொஞ்ச நேரத்தில் சிவப்பு மட்டும் தனியாக மிதக்கும். கிளிகள் வந்திருந்தன, சிவந்த தலையோடு. எது தலை, எது பூ என்று தெரியவில்லை. பூ என்று நினைத்துப் பார்த்துக்கொண்டிருந்தது பறந்தது. கிளி என்று நினைத்தது காலடியில் உதிர்ந்தது. கொண்டுவந்த கிளியை, மலையில் கம்பு நட்ட அன்றே திறந்து விட்டுவிட்டாளாம்.

காப்பி கொடுத்தாள். தைரியத்தை வரவழைத்துக்கொண்டு கேட்டேன்.

"அத்த, அந்தத் துளிரெல்லாம் நீயா கிள்ளுன?"

"பின்ன? கூண்டுக்குள்ள இருந்த கிளியா வந்து கிள்ளுச்சு?"

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்ல. நான் வாய மூடிக்கிட்டு இருந்திருப்பேன்ல."

அத்தை என்னை மேலும் கீழும் பார்த்தாள். "நீயா? வாய மூடிக்கிட்டா? உங்கிட்டச் சொல்லிருந்தா அதையும்ல ஜீப்புக்காரன் வரைக்கும் ஓடிப் போய்ச் சொல்லிருப்ப!"

வாத்தியாரே, எங்கே இருக்கிறீர்களோ, ஆறாவது வேற்றுமை கிடைத்துவிட்டது. மரம் சொல்லாது. கிளி சொல்லும். அந்த வீட்டில் நான்தான் கிளி.

அத்தை சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். சொல்லிவிட்டு மரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள். காப்பி டம்ளரைப் பிடித்திருந்த கையின் விரல்கள் மெல்ல ஓட ஆரம்பித்தன. மூட்டுக்கு மூட்டு வீங்கிய விரல்கள். ஆனால் ஒன்றுகூடத் தன் இடம் தப்பவில்லை. நான் ஒவ்வொரு தட்டாக உள்ளுக்குள் எண்ணிக்கொண்டே வந்தேன். ஓர் இடத்தில் விரல்கள் நின்றன. பனியில் கிளிகள் ஒன்றும் கூப்பிடவில்லை.

"டிங்" என்றேன் நான்.

தலையில் நங்கென்று ஒரு கொட்டு விழுந்தது. பிறகு அத்தை அடுத்த வரியைத் தொடங்கினாள்.